என் கணவருக்கு நான் வைத்த ஃபோட்டா

என் கணவர் முதல் தடவை என்னை "அக்கா" என்று கூப்பிட்டபோது நான் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். வேறு யாரையோ கூப்பிடுகிறார் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். பெஹாலாவில் எங்கள் ஃபிளாட்டில் இருப்பது நாங்கள் இரண்டே பேர். எனக்குப் பின்னால் ஃபிரிட்ஜ்தான் நின்றது.

"அக்கா, அவ எங்க?" என்றார்.

"எவ?"

"அதான், அவ. என் ஆத்துக்காரி."

"நான்தான் அவ!" என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பெரியவர்கள் தமாஷ் சொன்னால் மரியாதைக்குச் சிரித்து வைப்போமே, அப்படி ஒரு சிரிப்புச் சிரித்தார். "போக்கா, அவ சின்னப் பொண்ணு" என்றார்.

எனக்கு அறுபத்து மூன்று வயது. முப்பத்தொன்பது வருஷமாக இந்த மனுஷனுக்குச் சோறு போடுகிறேன். வந்த கோபத்தில் கீரையை அப்படியே போட்டுவிட்டு பால்கனிக்குப் போய் நின்றுகொண்டேன். கோபம் யார் மேல் என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது. அவர் மேல் கோபப்பட முடியாது, வியாதி. வியாதி மேல் கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது? அக்கா மேல் கோபப்படலாம் என்றால் அவள் போய் ஏழு வருஷம் ஆகிவிட்டது.

அந்த அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் கணவருக்கு ஐந்து வயது மூத்தவள். பாலிகஞ்சில் ஒரு பழைய வீட்டின் மாடியில் குடியிருந்த குடும்பம். மாமியார் சீக்காளி. தம்பிக்குத் தலை வாரிவிட்டது, பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனது, ஜுரம் வந்தால் பக்கத்தில் உட்கார்ந்தது எல்லாம் அக்காதான். நான் கும்பகோணத்திலிருந்து கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தபோது, எனக்குப் பெங்காலியில் வெண்டைக்காய் வாங்கக் கற்றுக்கொடுத்தவளும் அவள்தான். நல்லவள். கொஞ்சம் அதிகாரம் பண்ணுவாள். ஒல்லியாக, நரைத்த தலையைப் படிய வாரி, மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு நிற்பாள்.

ஊரடங்குக் காலத்தில் நான் தலைக்குச் சாயம் போடுவதை விட்டேன். மூக்குக்கண்ணாடியும் வந்து சேர்ந்தது. ஒருநாள் நிலைக்கண்ணாடியில் பார்த்தபோது எனக்கே தூக்கிவாரிப் போட்டது. அட கடவுளே, அக்கா மாதிரியே இருக்கிறேனே!

சரி, சாயம்தானே, போட்டுக்கொண்டால் போச்சு என்று சௌரஸ்தா பக்கம் ஒரு பார்லருக்குப் போனேன். கன்னங்கரேலென்று போட்டுவிட்டார்கள். வீட்டுக்கு வந்து கதவைத் திறந்ததும் அவர் எழுந்து நின்று கைகூப்பி, "வாருங்கள், என் மனைவி வெளியே போயிருக்கிறாள், உட்காருங்கள்" என்று பெங்காலியில் வரவேற்றார். கீழ் ஃபிளாட் பெங்காலி மாமி என்று நினைத்துவிட்டாராம். அந்த மாமிக்கும் தலை கன்னங்கரேலென்றுதான் இருக்கும். அதோடு சாயத்துக்கும் ஒரு கும்பிடு போட்டேன்.

கோபத்தில் நான் ஒரு தப்புப் பண்ணினேன். அதையும் சொல்லிவிடுகிறேன். ஒருநாள் காலையிலிருந்து "அக்கா எப்ப வருவா, அக்கா எப்ப வருவா" என்று என் பின்னாலேயே வந்துகொண்டிருந்தார். காஸ் அடுப்பு எரியவில்லை, வேலைக்காரி வரவில்லை, நானும் மனுஷிதானே. "உங்கக்கா செத்துப்போய் ஏழு வருஷம் ஆச்சு!" என்று கத்திவிட்டேன். அவர் அப்படியே தரையில் உட்கார்ந்தார். "என்கிட்ட ஏன் யாரும் சொல்லல?" என்று கேட்டுக் கேட்டு அழுதார். காரியம் பண்ணியது, அஸ்தியைக் கரைத்தது, எல்லாவற்றிலும் முன்னால் நின்றவர் அவர்தான். ஒரு மணி நேரம் அழுது, முகம் கழுவிக்கொண்டு வந்து, "அக்கா எப்ப வருவா?" என்றார். நான் மறுபடியும் சொன்னேன். மறுபடியும் முதல் தடவை கேட்பதுபோலவே அழுதார். ஒரே சாவை ஒரே நாளில் இரண்டு தடவை சொன்ன பாவி நான்.

அதற்குப் பிறகு என்ன சொல்வது என்றே தெரியவில்லை. "அக்கா" என்று கூப்பிட்டால் பதில் சொல்லாமல் இருந்து பார்த்தேன். அவர் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுத் தானே போய்விடுவார். அதைப் பார்க்கவும் சகிக்கவில்லை. "என்னடா" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவருக்கு நிம்மதி. அந்த ஒரு வார்த்தைதான் எனக்கு வாயில் வரவில்லை. ஒருமுறை நான் அக்காவாகப் பதில் சொல்லிவிட்டால், அவர் மனசில் எனக்கென்று மிச்சம் இருக்கிற இடமும் போய்விடும் என்று பயந்தேன். "அவ எங்க?" என்று கேட்கிறாரே, அந்த "அவ" இன்னும் எங்கேயோ இருக்கிறாள். அவளை நானே என் கையால் துடைத்துவிடக் கூடாது. இதை யாரிடம் போய்ச் சொல்வது?

டாக்டர்தான் டாலிகஞ்சில் இருக்கிற பகல் மையத்தைப் பற்றிச் சொன்னார். ஞாபகம் தப்பிப்போன பெரியவர்களைக் காலையில் கொண்டுபோய் விட்டால் சாயங்காலம் கூட்டிவரலாம். சினிமா ஸ்டுடியோ மதிலை ஒட்டிப் போகிற ஒரு சந்தில், பழைய வீட்டின் கீழ்த்தளம். பெரிய கூடம், சுற்றிப் போட்ட நாற்காலிகள், சுவரில் ஒரு கரும்பலகை. காலையில் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து இன்றைக்கு என்ன கிழமை, வெளியே வெயிலா மழையா என்று பலகையைப் பார்த்துச் சேர்ந்து சொல்வார்கள். பிறகு துணிப்பந்தைத் தூக்கிப் போட்டுப் பிடிப்பார்கள். பட்டாணி உரிப்பார்கள். துண்டுகளை மடித்து அடுக்குவார்கள். மடித்ததை ஒரு பெண் உள்ளே கொண்டுபோய்க் கலைத்துவிட்டு மறுநாள் மறுபடி கொண்டுவந்து வைப்பாள். முதல் தடவை அதைப் பார்த்தபோது எனக்கு ஆத்திரமாக வந்தது, என்ன ஏமாற்று வேலை இது என்று. மடிக்கிறவர்கள் முகத்தைப் பார்த்த பிறகு ஆத்திரம் அடங்கியது. கல்யாண வீட்டுக்கு வேலை செய்கிறவர்கள் மாதிரி அவ்வளவு மும்முரம்.

அங்கே போன பிறகும் என் கணவர் வட்டத்தில் உட்காரவில்லை. துறைமுகத்தில் கப்பல்கள் எந்த ஓதத்தில் உள்ளே வரலாம், எப்போது வெளியே போகலாம் என்று நேரம் குறித்துக் கொடுத்த அதிகாரி அவர். பந்தை அவரிடம் வீசினால் அது மடியில் விழுந்து உருண்டு போவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். கதவோரம் ஒரு நாற்காலி, மடியில் கைப்பை. "என்ன தாதா, வட்டத்துக்கு வரவில்லையா?" என்று கேட்டால், "அக்கா வருவாள்" என்பார்.

மையத்தை நடத்துகிற பெண்ணுக்கு நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். எல்லாரும் அவளை "தீதி", அதாவது அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள், அவளைவிட இரண்டு மடங்கு வயதானவர்கள்கூட. என்னை "பௌதி" என்பாள், அண்ணி. என் கணவர் அவளுக்கு "தாதா", அண்ணன் முறை என்று அவளாகவே வைத்துக்கொண்டாள். இந்த ஊரில் உறவுமுறை இல்லாமல் வாயே திறக்க மாட்டார்கள். ஒருநாள் அவளிடம் என் வயிற்றெரிச்சலையெல்லாம் கொட்டினேன்.

"அவரைத் திருத்தாதீங்க பௌதி" என்றாள். "அக்கான்னு கூப்பிட்டால் ஆமாம்னும் சொல்ல வேண்டாம், இல்லைன்னும் சொல்ல வேண்டாம். அக்கா எப்படி இருப்பாங்கன்னு கேளுங்க. அவரே பேசுவார்."

"அது சரி. ஆமாமும் இல்லை, இல்லையும் இல்லைன்னா அப்ப நான் யாரு?"

அவள் மேஜையிலிருந்த ஒரு துண்டை எடுத்து மடித்தாள். பிறகு, "அது எனக்கும் தெரியலை பௌதி" என்றாள். தெரிந்த மாதிரி ஏதாவது சொல்லியிருந்தால் அன்றோடு அவரை அங்கே கூட்டிப்போவதை நிறுத்தியிருப்பேன். தெரியவில்லை என்று சொன்னதால் தொடர்ந்து போனோம்.

காளி பூஜை நெருங்கியது. அதற்கு இரண்டு நாள் கழித்து இந்த ஊரில் பாய் ஃபோட்டா. அக்கா தங்கைகள் குளித்துவிட்டு, ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்து, அண்ணன் தம்பிகளை மணையில் உட்காரவைத்து நெற்றியில் சந்தனப் பொட்டு வைப்பார்கள். அதுதான் ஃபோட்டா. யமன் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டு ஏதோ பாட்டு மாதிரிச் சொல்வார்கள். பொட்டு வைத்த பிறகுதான் இரண்டு பேரும் சாப்பிடுவார்கள். நமக்குப் பொங்கலுக்கு மறுநாள் கனுப் பிடி இருக்கிறதே, அந்த மாதிரி. ஆனால் இங்கே தம்பி எதிரில் உட்கார வேண்டும்.

பாலிகஞ்ச் வீட்டில் கீழ்த்தளத்தில் ஒரு பெங்காலிக் குடும்பம். அந்தப் பெண்கள் தங்கள் அண்ணன்களுக்கு வைப்பதைப் பார்த்துவிட்டு, என் நாத்தனாரும் ஏழெட்டு வயதிலேயே தன் தம்பியை உட்காரவைத்து ஆரம்பித்துவிட்டாளாம். அன்றிலிருந்து ஒரு வருஷம் தவறியதில்லை. கல்யாணமாகிப் போன பிறகும் தம்பி காலையில் அவள் வீட்டுக்குப் போய்விடுவார். திரும்பி வரும்போது நெற்றியில் காய்ந்த சந்தனமும் சட்டைப்பையில் எனக்கு ஒரு இனிப்பும் இருக்கும்.

மையத்தில் ஒரு வாரமாக அதற்குத்தான் ஆயத்தம். பெண்கள் சந்தனம் அரைத்தார்கள். ஆண்களுக்கு அறுகம்புல்லைக் கொடுத்து மூன்று மூன்று இலைகளாகப் பொறுக்கி வைக்கச் சொன்னார்கள். மூன்றாம் நாள் நான் சாயங்காலம் கூட்டிவரப் போனபோது கதவோர நாற்காலி காலியாக இருந்தது. வெளியே போய்விட்டாரா? உள்ளே எட்டிப் பார்த்தால், மேஜை முன்னால் உட்கார்ந்து அறுகம்புல் பொறுக்கிக்கொண்டிருக்கிறார். பக்கத்து ஆள் நாலு இலை வைத்ததை எடுத்துக் கீழே போட்டு, "மூணு" என்று விரலைக் காட்டினார். வேலையில் அவரோடு போட்டி போட முடியாது.

"பார்த்தீங்களா பௌதி" என்று தீதி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு ஒரே சந்தோஷம். என்னால் சந்தோஷப்பட முடியவில்லை. அக்கா வருவாள் என்றுதானே இவர் பொறுக்கிக்கொண்டிருக்கிறார்? அன்றைக்கு யார் வருவாள்?

பண்டிகையன்று ஊரெல்லாம் லீவு. மையத்தை மட்டும் அரை நாள் திறந்திருந்தார்கள். கூடப்பிறந்தவள் வர முடிந்தவர்களுக்கு அவரவர் சகோதரி வந்து வைப்பாள், மற்றவர்களுக்கு மையத்துப் பெண்களே வைப்பார்கள் என்று ஏற்பாடு. என் கணவருக்கு அங்கே வருகிற ஒரு மாஷிமாவை, பெரியம்மா என்று அர்த்தம், ஒதுக்கியிருந்தார்கள். பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஹெட்மிஸ்ட்ரஸாக இருந்தவர். எண்பது வயது. மற்றதெல்லாம் மறந்தாலும் அதட்டுவது மறக்கவில்லை. நானும் பார்த்தேன், அப்பாடா, பிரச்னை தீர்ந்தது என்று இவரைக் காலையில் விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன். முறுக்கு பண்ணிக்கொண்டு வருகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். பிழிந்து, பொரித்து, டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு ஆட்டோ பிடித்து வந்து சேர்வதற்குப் பதினொன்றரை மணி. காலையில் ஒரு காப்பி குடித்ததோடு சரி.

உள்ளே நுழைந்தபோது சங்கு ஊதி முடித்திருந்தார்கள். ஆண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லார் நெற்றியிலும் பொட்டு. சிலர் சாப்பிடவே ஆரம்பித்துவிட்டார்கள். என் கணவர் மட்டும் உள்ளங்கையால் நெற்றியை இறுக்கி மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதிரில் ஹெட்மிஸ்ட்ரஸ் மாஷிமா, சந்தனக் கிண்ணத்தோடு.

"கையை எடு!" என்று மாஷிமா அதட்டினார்.

"நீங்கள் என் அக்கா இல்லை" என்றார் அவர், ரொம்ப மரியாதையாக.

"எவ்வளவு நேரமாக இப்படி?" என்று தீதியிடம் கேட்டேன்.

"ஒரு மணி நேரமாக. சாப்பிடவும் மாட்டேங்கறார்."

அதற்குள் அவர் என்னைப் பார்த்துவிட்டார். நெற்றியிலிருந்து கை இறங்கியது. "அக்கா! எங்க போயிட்ட?" என்றார். "எல்லாரும் சாப்பிட உக்காந்தாச்சு. நீ இன்னும் பட்டினி. உனக்கு வயித்துல புண்ணு வேற. வா, வா, சீக்கிரம் வெச்சுட்டுச் சாப்பிடு."

நான் முறுக்கு டப்பாவோடு நின்றேன். கூடத்தில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். சமையல்காரப் பெண் கரண்டியோடு வாசற்படிக்கு வந்துவிட்டாள். அங்கே அத்தனை பேருக்கும் நான் யார் என்று தெரியும், அவரைத் தவிர. புருஷனுக்கு ஃபோட்டா வைப்பது என்பதை இந்த ஊரில் பேச்சுக்குக்கூடச் சொல்ல மாட்டார்கள். வைத்தால் அவன் சகோதரன். அவ்வளவுதான். முப்பத்தொன்பது வருஷம் இந்த ஊரில் இருந்த எனக்கு அது தெரியாதா என்ன?

தீதி என் காதருகே வந்தாள். "பௌதி, நான் எதுவும் சொல்ல மாட்டேன். நீங்க வேண்டாம்னா நான் எப்படியாவது சமாளிக்கிறேன்" என்றாள். திருத்தாதே என்று சொல்லிக்கொடுத்தவளுக்கே இப்படி ஒரு கட்டம் வரும் என்று தெரிந்திருக்காது.

வைக்கலாமா? வைத்தால் நான் யார்? வைக்காவிட்டால் இந்த மனுஷன் வாசலைப் பார்த்துக்கொண்டு பட்டினி கிடப்பாரே! செத்துப்போனவளுக்காக இவர் பொறுக்கிய புல் அங்கே தட்டில் இருக்கிறதே! என் தாலி கழுத்தில் கனத்தது. அதைத் தலைப்பால் மூடிக்கொள்ளலாமா என்றுகூட ஒரு யோசனை வந்தது. எனக்கு என்னவோ திருட வந்த மாதிரி இருந்தது. அக்காவின் இடத்தைத் திருடுகிறேனா, என் இடத்தையே திருடுகிறேனா, ஒன்றும் புரியவில்லை.

அவர் கண்ணை மூடிக்கொண்டு முகத்தை நிமிர்த்தினார். அவர் அப்படி முகத்தைக் கொடுத்துக்கொண்டு காத்திருந்து நான் பார்த்ததே இல்லை. எனக்குத் தெரிந்த மனுஷன் பேப்பருக்குப் பின்னால் இருக்கிற மனுஷன், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுகிற மனுஷன். ஏழெட்டு வயதில் அக்கா பார்த்த முகம் இதுவாகத்தான் இருந்திருக்கும்.

தீர்மானித்தேன் என்று சொல்ல மாட்டேன். டப்பாவைக் கீழே வைத்தேன். மாஷிமா கையிலிருந்து கிண்ணத்தை வாங்கிக்கொண்டு எதிரில் உட்கார்ந்தேன். சந்தனத்தைத் தொட்டுக் கையை நீட்டினேன்.

"இடது கை!" என்று மாஷிமா போட்ட சத்தத்தில் கிண்ணம் ஆடியது. "இடது கைச் சுண்டுவிரல்! எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தாய் நீ?"

இடது கையால் பொட்டு வைத்துப் பழக்கமில்லை. நம் வீடுகளில் இடது கையால் குங்குமத்தைத் தொட்டாலே அடி விழும். நடுங்குகிற இடது சுண்டுவிரலால் ஒரு பொட்டு வைத்தேன். கோணலாகப் போனது. இரண்டாவது அதன் மேல் சரியாக விழுந்தது. மூன்றாவது வைக்கும்போது என் கண் மறைத்துவிட்டது. பாட்டுச் சொல்ல எனக்கு வரவில்லை, மாஷிமாவே என் சார்பில் சொன்னார். பாதியில் மறந்துபோய் முதலிலிருந்து ஆரம்பித்தார். யாரோ குலவையிட்டார்கள். என் கணவர் தலையில் அறுகம்புல்லை வைத்தேன். மூன்று மூன்றாக அவர் பொறுக்கியது.

அவர் கண்ணைத் திறந்தார். நான் என்ன ஏது என்று பார்ப்பதற்குள் குனிந்து என் காலைத் தொட்டார்.

காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தேன், விடவில்லை. தம்பி அக்காவின் காலைத் தொட வேண்டும், அது முறை. பண்டிகை தவறாமல் நான் இந்த மனுஷன் காலில் விழுந்து எழுந்திருக்கிறேன். "நன்னா இருடா" என்று என் வாயிலிருந்து வந்தது. அவரை நான் வாழ்நாளில் "நீ" என்றுகூடச் சொன்னதில்லை. யார் சொன்னார்கள் அதை என்று எனக்கே தெரியவில்லை.

தட்டில் பூரியும் உருளைக்கிழங்கும் சந்தேஷ் இனிப்பும் வைத்தார்கள். பசி, அவசர அவசரமாகச் சாப்பிட்டார். என்னையும் சாப்பிடச் சொல்லிப் பக்கத்தில் உட்காரவைத்தார். குனிந்து ரகசியமாக, "அக்கா, அவளுக்கு வாய் ஜாஸ்தியாயிடுத்து" என்றார்.

"எவளுக்கு?" என்றேன். தெரிந்துதான் கேட்டேன்.

"எங்காத்துல இருக்காளே, அவளுக்குத்தான். நாள் பூரா திட்டறா. நான் ஒண்ணும் சொல்றதில்ல."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "ஏன், எதுக்குத் திட்டறா?"

அவர் யோசித்தார். "ஏதோ தப்பு பண்றேன் போலிருக்கு" என்றார். "என்னன்னுதான் தெரியல."

பிறகு தட்டிலிருந்த சந்தேஷை எடுத்துப் பேப்பர் நாப்கினில் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "இது அவளுக்கு. சர்க்கரை இருக்கு சர்க்கரை இருக்குன்னு எல்லார் முன்னாடியும் வேண்டாம்பா. அடுக்களையில நின்னுண்டு திம்பா. எனக்குத் தெரியாதுன்னு நினைச்சுண்டிருக்கா."

முப்பத்தொன்பது வருஷத்தில் அதை ஒரு தடவைகூட அவர் என்னிடம் சொன்னதில்லை.

ஆட்டோவில் பெஹாலா வரும்வரை சட்டைப்பையை ஒரு கையால் மூடிக்கொண்டே வந்தார். எங்கள் கட்டட வாசலில் இறங்கியதும் என்னைப் பார்த்து, "உள்ள வாயேன் அக்கா. வெயில்ல நிக்கற. அவ காப்பி போடுவா" என்றார்.

என்ன செய்வது? என் வீட்டுக்குள் விருந்தாளியாக நுழைந்தேன். பூட்டை நான்தான் திறந்தேன், அதை அவர் கவனிக்கவில்லை. என்னை சோபாவில் உட்காரவைத்து ஃபேனைப் போட்டார். "அவ உள்ள இருப்பா. கால் அலம்பிண்டு வந்து கூப்பிடறேன்" என்று பாத்ரூமுக்குப் போனார். வெளியே போய்விட்டு வந்தால் கால் அலம்பாமல் எதையும் தொட மாட்டார், அது மட்டும் போகவில்லை.

சோபாவில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே தண்ணீர் சத்தம் கேட்டது. இப்போது வெளியே வந்து "அவ எங்க" என்று தேடப்போகிறார். வீடு முழுக்கத் தேடப்போகிறார், சந்தேஷைக் கையில் வைத்துக்கொண்டு. வைத்தாயே ஃபோட்டா, இப்போது அனுபவி என்று என்னையே திட்டிக்கொண்டேன். எனக்கும் தலைவலி மண்டையைப் பிளந்தது. ஒரு வாய் காப்பி குடித்தால் தேவலை என்று எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்தேன். பாத்ரூம் கதவு திறக்கிற சத்தம் கேட்டதும், பாலைப் பார்த்துக்கொண்டே பழக்க தோஷத்தில், "ஏன்னா, வந்தாச்சா?" என்று குரல் கொடுத்துவிட்டேன். அவர் ஆபீஸ் போய்க்கொண்டிருந்த காலம் முழுக்க தினம் சாயங்காலம் கொடுத்த குரல். எங்கே போனாலும் நானே கூடப் போக ஆரம்பித்த பிறகு அதற்கு வேலை இல்லாமல் போயிருந்தது.

"ஆச்சு, ஆச்சு" என்று பதில் வந்தது. அந்தக் காலத்துக் குரல், அந்தக் காலத்து அலுப்பு.

நான் திரும்பவே இல்லை. திரும்பினால் மறுபடி அக்காவாகிவிடுவேனோ என்று அடுப்புப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அக்காவைக் கூட்டிண்டு வந்தேனே, உக்காரச் சொன்னேனே. போயிட்டாளா?"

"அவசரமா போகணும்னு சொன்னா" என்றேன். பொய் சொல்கிறோமே என்று துளிக்கூட உறுத்தவில்லை.

காலடிச் சத்தம் அடுக்களை வாசல்வரை வந்தது. மேடை மேல் என் கைக்குப் பக்கத்தில் மடித்த நாப்கினை வைத்தார். சந்தேஷ் நசுங்கியிருந்தது. "அக்கா ஃபோட்டா வெச்சா. இது உனக்கு" என்றார்.

பால் பொங்கி வந்தது, அடுப்பை அணைத்தேன். "எப்படி இருக்கா அக்கா?" என்று கேட்டேன். எதற்குக் கேட்டேன் என்று தெரியாது. வருஷா வருஷம் கேட்கிற கேள்வி.

"ரொம்ப இளைச்சுட்டா" என்றார். "கையெல்லாம் நடுங்கறது. பாவம், அவளைப் பார்த்துக்க யாருமே இல்ல போலிருக்கு."

என் இடது சுண்டுவிரலில் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. அதைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டேன்.

"ஏண்டி, அவளை இங்க கூட்டிண்டு வந்து வெச்சுக்கலாமா?" என்றார். "நீ வாய்தான் அப்படி. நன்னா பார்த்துப்பே."

"வரச்சொல்லுங்கோ" என்றேன். "நான் பார்த்துக்கறேன்."

"முதல்ல நீ அந்த சந்தேஷைத் தின்னு" என்றார். அடுப்பைப் பார்த்து நின்றுகொண்டே தின்றேன்.